நான் நீக்கிய ஒரு வரி

புயல் அடித்த ஆண்டில், மழை தொடங்கிய பிறகு, சனிக்கிழமைதோறும் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை இணையக் கடையில் உட்காருவதை வழக்கமாக்கிக்கொண்டேன். கடை, யாங்கோனில் எங்கள் பேட்டையான க்யிம்யிண்டைங்கின் சந்தைக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது. எட்டுக் கணினிகளில் ஆறு வேலை செய்தன. ஜன்னலை ஒட்டிய நான்காவது எனக்கு. பழைய கூரையைப் புயல் கொண்டுபோயிருந்ததால் புதிதாகத் தகரம் போட்டிருந்தார்கள். மழை வலுத்தால் பக்கத்து நாற்காலிக்காரர் பேசுவதுகூடக் கேட்காது. நான் அங்கே போனது ஒரே காரியத்துக்காக. அக்காளைத் தேடுவதற்கு.

அக்காள் என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்ட காலத்தில் அவள் கணவருக்கு இங்கே பிழைப்பில்லாமல் போயிற்று. கல்யாணமாகி ஆறே மாதத்தில் இருவரும் கப்பலேறி இந்தியா போனார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை இருந்தது. "இரண்டு வருஷம் பார்த்துவிட்டு நாமும் போகலாம்" என்றார். போகவில்லை. அக்காளின் கடிதங்கள் அப்பாவின் அலுவலக முகவரிக்கு வரும். அவர் மாலையில் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருவார். 1988இல் அப்பா இறந்தார். அந்த ஆண்டுக் கிளர்ச்சியில் ஊர் இருந்த நிலையில் அலுவலகங்கள் பல வாரங்கள் திறக்கவில்லை. திறந்தபோது, இறந்தவர் பெயருக்கு வந்த கடிதங்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. அக்காளின் கடைசி முகவரிக்கு நாங்கள் எழுதிய மூன்று கடிதங்களும் திரும்பி வந்தன. மூன்றாவது உறையின் மேல், இந்த முகவரியில் இல்லை என்று தமிழில் யாரோ எழுதியிருந்தார்கள். எழுத்து அழகாக இருந்தது. உறையை வைத்திருக்கிறேன்.

அதன் பின் இருபது ஆண்டுகள் ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு எண்பத்தொரு வயதாகியிருந்தது. ஒரு கண்ணில் பார்வை அறவே இல்லை. "இருக்காளா இல்லையான்னு மட்டும் கேட்டுச் சொல்லு. வந்து பாக்கணும்னு இல்ல" என்பாள். இதைச் சாப்பிடும்போதுதான் சொல்வாள். வேறு நேரத்தில் இந்தப் பேச்சை எடுக்க மாட்டாள்.

அந்தக் காலத்தில் அரசாங்கத் தடையால் எங்கள் ஊரில் பெரும்பாலான இணையத் தளங்கள் திறக்காது. திறந்தவையும் அடுத்த வாரம் திறக்கும் என்று சொல்ல முடியாது. கடையை நடத்தியவர் முப்பது வயதுள்ள ஒரு பர்மியப் பெண். என்னை ஊலே என்பார், மாமா என்பது போல. ஒருநாள் நான் தடை அறிவிப்பையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு அருகில் வந்தார்.

"இதுல தேடிப் பாருங்க ஊலே. இதை இன்னும் மூடல."

"ஏன் மூடல?"

"இப்படி ஒண்ணு இருக்குன்னு அவங்களுக்கே தெரியாது போல. நீங்க போய்ச் சொல்லிடாதீங்க."

அது ஒரு தேடுபொறி. ஒரு சொல்லைக் கொடுத்தால் முடிவுகள் வரிசையாக வரும். அதுவரை மற்றவற்றைப் போலத்தான். ஆனால் ஒவ்வொரு முடிவின் பக்கத்திலும் சிறு குறிகள் இருந்தன. ஒன்றை அழுத்தினால் அந்த வரி மேலே ஏறும். இன்னொன்றை அழுத்தினால் இறங்கும். ஒன்று நீக்கிவிடும். விட்டுப்போனதை நாமே ஒரு வரியாகச் சேர்க்கலாம், குறிப்பும் எழுதலாம். நான் செய்த மாற்றம் எனக்கு மட்டுமல்ல, அதே சொல்லை எந்த நாட்டில் யார் தேடினாலும் அவர்களுக்கும் அப்படியே தெரியும். அவர்கள் செய்தது எனக்கும் தெரியும். யாரும் யாரையும் அனுமதி கேட்க வேண்டாம். தமிழ் எழுத்து மட்டும் அந்தக் கணினிகளில் கட்டம் கட்டமாக வரும். ஆகவே எல்லாம் ஆங்கிலத்தில்தான்.

அக்காள் பெயரைக் கொடுத்தேன், அவள் கணவர் பெயரைக் கொடுத்தேன், இரண்டையும் சேர்த்துக் கொடுத்தேன். பயனில்லை. பிறகு எங்கள் பேட்டையின் பெயரைக் கொடுத்து, அதன் முடிவுகளில் அக்காளைத் தேடும் என் அறிவிப்பை ஒரு வரியாகச் சேர்த்தேன். அப்பாவின் பெயர், என் பெயர், வீட்டு எண், தெரு, யாங்கோன். என் பெயர் என்றால், பத்து வயதில் அரசாங்கப் பள்ளிக்கு மாற்றியபோது வைத்து அடையாள அட்டையில் ஏறிய பர்மியப் பெயர்.

சேர்த்ததோடு நான் நிறுத்தியிருக்கலாம். என் அறிவிப்பைச் சுற்றி இருந்தவை கண்ணை உறுத்தின. வேறு ஊர்ப் படித்துறை ஒன்றின் படம், மூடிப்போன ஓட்டல், ஒரே முகவரி மூன்று முறை. நான் கப்பல் ஏஜென்சி ஒன்றில் சரக்குப் பட்டியல்களைச் சரிபார்ப்பவன். தவறான வரியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கப் பழகாதவன். வாரத்துக்கு ஐந்தாறாகச் சரிசெய்ய ஆரம்பித்தேன். எதை ஏற்றினேன், எதை இறக்கினேன், எதை நீக்கினேன், என்ன காரணம் என்பதை அன்றன்றே நாட்குறிப்பில் எழுதினேன்.

அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த தமிழர் ஒருவர், தேநீர்க் கடையில் இதைக் கேட்டுவிட்டு மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"சம்பளம் குடுக்குறானாய்யா?"

"இல்லை."

"பின்ன எதுக்கு?"

"தப்பா இருக்கு."

"நீ செத்து மேல போனாலும் எமன் பேரேட்டுல எழுத்துப்பிழை பாத்துட்டுத்தான் உள்ள போவே. உனக்குப் பின்னால வரிசையில நிக்கிறவனை நெனச்சாத்தான் எனக்குப் பாவமா இருக்கு."

நானும் சிரித்தேன். அவர் சொன்னது பொய்யில்லை. அப்பா இறந்த அடுத்த ஆண்டு நாட்டின் பெயரும் நகரத்தின் பெயரும் தெருக்களின் எழுத்துகளும் மாறியபோது, அலுவலகத்தின் எல்லா முத்திரைகளையும் படிவங்களையும் மாற்றும் வேலை எனக்கு வந்தது. ரங்கூன் என்றிருந்த இடங்களில் யாங்கோன். கெமண்டைன் என்று ஆங்கிலேயர் எழுதி வைத்ததற்குப் பதில் க்யிம்யிண்டைங். மற்றவர்கள் மாதக்கணக்கில் பழையதையே எழுதித் திட்டு வாங்கினார்கள். நான் ஒருமுறைகூடத் தவறவில்லை. அன்றிலிருந்து பழைய எழுத்து என் கையிலிருந்து வந்ததே இல்லை.

ஆகவே தேடுபொறியிலும் பழைய எழுத்தைக் கொடுத்தால் என்ன வருகிறது என்று பார்த்தேன். பழைய நிலப்படங்கள், ஒரு ரயில் நிலையத்தின் மங்கலான படம், கல்லறைப் பட்டியல் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே, சரியான எழுத்து க்யிம்யிண்டைங் என்று ஒரு குறிப்பு எழுதி வைத்தேன். ஏழாவதாக ஒரு வரி இருந்தது. "பைப் ஹவுஸ், கெமண்டைன், ரங்கூன். விவரங்களுக்குத் தொடர்புகொள்ளவும்." யாரோ ஒருவர் கையால் சேர்த்த வரி என்பதற்கான குறி அதன் ஓரத்தில் இருந்தது.

குழாய் வியாபாரி என்று நினைத்தேன். ஆனாலும் விசாரிக்காமல் நீக்குவது என் வழக்கமில்லை. அந்த வாரம் சந்தையில் இரும்புச் சாமான் விற்பவரிடம் கேட்டேன். நாற்பது வருடமாக அங்கே இருப்பவர். அப்படி ஒரு கடை எங்கள் பேட்டையில் இல்லை, எப்போதும் இருந்ததில்லை என்றார். அடுத்த சனிக்கிழமை நீக்கினேன். அந்த வரி காட்டிய பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை. அன்று ஒரு பக்கம் திறக்க ஏறக்குறைய ஐந்து நிமிடம் ஆயிற்று. நாட்குறிப்பில் எழுதியது இது: "நீக்கியது: பைப் ஹவுஸ். குழாய் வியாபாரம். பழைய எழுத்து. அப்படிக் கடை இல்லை, விசாரித்தாயிற்று." பக்கத்தின் முகவரியைக் குறித்துக்கொள்ளவில்லை. நீக்கியதற்கு முகவரி எதற்கு என்று நினைத்திருப்பேன்.

மழை நின்றது. குளிர்காலம் வந்தது. என் அறிவிப்புக்குப் பதில் வரவில்லை. ஒரு சனிக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்தபோது அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். விரலால் தடவித்தான் ஆய்வாள்.

"ஒண்ணும் இல்லையா?"

"இல்லம்மா."

"நீ என்ன எழுதிப் போட்டிருக்கே? படி, கேப்போம்."

மனப்பாடமாக இருந்ததைத் தமிழில் சொன்னேன். அப்பா பெயர் வந்ததும் தலையசைத்தாள். என் பர்மியப் பெயர் வந்ததும் கீரையைக் கீழே வைத்தாள்.

"இது யாருன்னு அவளுக்கு எப்பிடித் தெரியும்? அவ போனப்ப உனக்கு இந்தப் பேரே இல்ல."

"வீட்டு நம்பர் இருக்கும்மா."

"நம்பரா? அவ இருந்தப்ப இந்தத் தெருவுல எந்த வீட்டுக்கு நம்பர் இருந்துச்சு? குழாய் வீடுன்னு போட்டியா?"

அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"என்ன வீடு?" என்றேன்.

"குழாய் வீடுதான். வாசல்ல முனிசிபல் குழாய் இருந்துச்சே, மறந்துட்டியா? தெருவே இங்கதான தண்ணி புடிக்கும். அவ கல்யாணப் பத்திரிகையில அப்பிடித்தான் அடிச்சோம், கெமண்டைன் குழாய் வீடுன்னு."

மறக்கவில்லை. குழாய் நினைவில் இருந்தது. நான் பள்ளியில் படிக்கும்போதே தெருவை அகலப்படுத்துவதற்காக அதைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பக்கத்து வீடுகளில் இருந்த தமிழர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள்; புதிதாக வந்தவர்கள் அந்தக் குழாயைப் பார்த்ததில்லை. வீட்டுக்கு எண் வந்தது. பிறகு அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

உள்ளே போய் நாட்குறிப்பை எடுத்தேன். பக்கத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. என் நாட்குறிப்பில் எதையும் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். குழாய் வீடு என்பதை இந்தியாவில் பிறந்து ஆங்கிலப் பள்ளியில் படித்த ஒரு பிள்ளை எப்படி எழுதும்? பைப் ஹவுஸ் என்றுதான் எழுதும்.

திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்தேன். கடை திறக்கும் முன்பே படியில் நின்றேன். தேடுபொறியில் ஒவ்வொரு சொல்லுக்கும் செய்த மாற்றங்களின் பட்டியல் ஒன்று இருந்தது. பழைய எழுத்துக்கான பட்டியலில் ஏறக்குறைய எல்லாம் என் மாற்றங்கள். கீழே போகப் போக அந்த வரி கிடைத்தது. நீக்கியவர் என்ற இடத்தில் நான் பதிந்துகொண்ட பெயர் இருந்தது. மீட்கும் குறியை அழுத்தினேன். வரி பழைய இடத்துக்கு வந்தது. அதை முதல் இடத்துக்கு ஏற்றினேன். பிறகு திறந்தேன். நான்கு நிமிடம் கழித்து, அப்படி ஒரு பக்கம் இல்லை என்று வந்தது. மூன்று முறை முயன்றேன்.

கடைக்காரப் பெண் குனிந்து முகவரியைப் பார்த்தார்.

"இது இலவசமாக் குடுக்குற பக்கம் ஊலே. கொஞ்ச நாள் யாரும் வந்து பாக்கலைன்னா அவங்களே எடுத்துடுவாங்க."

"யாரும் வரலைன்னா?"

"ஆமா. ஆள் வராத பக்கத்தை எதுக்கு வச்சிருப்பாங்க?"

அந்த வரியின் கீழ் ஒரு குறிப்பு எழுதினேன். குழாய் வீடு இங்கேதான் இருக்கிறது, அம்மா இருக்கிறாள், தம்பி இருக்கிறேன் என்று. ஆங்கில எழுத்தில் தமிழாகவே எழுதினேன். என் தமிழ்ப் பெயரைப் போட்டேன். கெமண்டைன், ரங்கூன் என்று அடித்தபோது, இருபது வருடப் பழக்கத்தில் விரல் வேறு எழுத்துக்குப் போயிற்று. அழித்து அழித்து அடிக்க வேண்டியிருந்தது.

அம்மாவிடம் புதன்கிழமை சொன்னேன். சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து சொன்னேன்.

"நீயா எடுத்தே?"

"ஆமாம்மா."

"எதுக்கு?"

"குழாய்க் கடைன்னு நெனச்சேன்."

"திறந்து பாத்திருக்கலாம்ல?"

"ரொம்ப நேரம் ஆகும்னு விட்டுட்டேன்."

"நேரம்" என்றாள். தட்டில் கை காய்ந்துகொண்டிருந்தது. கழுவத் தண்ணீர் கொண்டுவந்தேன். கழுவிக்கொண்டாள்.

"இங்கிலீஷ்லயா இருந்துச்சு?"

"ஆமா."

"அப்ப அவ எழுதல. அவளுக்கு அது வராது. புள்ளைங்க எழுதியிருக்கு." ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "புள்ளைங்க தேடுதுன்னா, அவ கேட்டுத் தேடுதா, இல்ல அவ போன பிறகு தேடுதான்னு எப்பிடித் தெரியும்?"

அந்தப் பக்கத்தில் அது எழுதியிருந்திருக்கலாம். அம்மா அதன் பின் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். மூன்றாம் நாள், நான் வேலைக்குக் கிளம்பும்போது, குடை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். மழைக்காலம் முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது. எடுத்துக்கொண்டேன்.

என் குறிப்பு பதினோரு வாரம் முதல் இடத்தில் இருந்தது. யாரும் அதை இறக்கவில்லை, ஏற்றவில்லை, பதிலும் எழுதவில்லை. பிறகு வெயில் காலத்தில் ஒரு சனிக்கிழமை, தேடுபொறியின் முகப்பில் ஓர் அறிவிப்பு இருந்தது. போதிய ஆட்கள் பயன்படுத்தாததால் சேவையை நிறுத்துகிறார்கள். பழைய எழுத்துக்கான பக்கம் முழுவதையும் கையால் நோட்டில் எழுதிக்கொண்டேன், அந்தக் கல்லறைப் பட்டியலின் முகவரி உட்பட. அடுத்த சனிக்கிழமை அது திறக்கவில்லை. இந்த முறை தடை அறிவிப்பும் இல்லை, வெள்ளையாக இருந்தது.

அதன் பின் மற்றத் தேடுபொறிகளில், அவை திறந்த வாரங்களில், பைப் ஹவுஸ் என்று தேடினேன். அவற்றில் எதையும் மாற்ற முடியாது. வந்ததைப் படிக்கத்தான் முடியும். படித்தேன். உலகத்தில் இத்தனை குழாய்க் கடைகள் இருப்பது எனக்கு அதற்கு முன் தெரியாது. ஒவ்வொன்றையும் கடைசிவரை திறந்து பார்த்தேன், எத்தனை நிமிடம் ஆனாலும்.

"இன்னைக்கு என்ன வந்துச்சு?" என்று அம்மா கேட்பாள்.

"குழாய்க் கடைதாம்மா."

"எந்த ஊரு?"

"திருச்சிப் பக்கம் ஒண்ணு."

"போன் பண்ணிக் கேளு."

"அது நிஜமாவே குழாய்க் கடைம்மா. படம்கூடப் போட்டிருக்கான்."

"கடைன்னு நீ சொன்னது வீடா இருந்துச்சுல்ல?" என்றாள். "கேட்டா என்ன போச்சு?"

அவளும் வருவதாகச் சொன்னாள். சந்தை வரை சைக்கிள் ரிக்‌ஷா. மாடிப்படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து ஏறினாள். கடைக்காரப் பெண் கணினி வழியாகப் பேச ஏற்பாடு செய்து, காதில் மாட்டுவதை எனக்குக் கொடுத்தார். நான் பேசுவதற்குள் அம்மா கையை நீட்டினாள். அவள் காதில் மாட்டிவிட்டு, ஒலியை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தோம்.

"வணக்கம், பைப் ஹவுஸ்" என்றது ஓர் ஆண் குரல். இந்தியாவிலிருந்து தமிழ் கேட்டு எனக்கு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

"தம்பி, நான் ரங்கூன்லேர்ந்து பேசுறேன்."

"எங்கேர்ந்தும்மா?"

"ரங்கூன். பர்மா. உங்க ஊட்டுல ரங்கூன்லேர்ந்து வந்தவங்க யாராச்சும் இருக்காங்களா? கெமண்டைன் குழாய் வீடு."

"நாங்க பூர்வீகமே இந்த ஊருதாம்மா." அவர் யோசிப்பது தெரிந்தது. "எங்க கடைக்கு எதிர்ல பர்மாக்காரங்க ஒரு வண்டி போட்டிருந்தாங்க. அத்தோ விப்பாங்க, அந்த பர்மா நூடுல்ஸ். வயசான அம்மா ஒருத்தரும் அவங்க மகனும்."

"அந்த அம்மா பேரு என்னப்பா?"

"பேரு தெரியாதும்மா. பர்மாக்காரம்மான்னுதான் சொல்லுவோம். இப்ப வண்டி இல்ல, ரெண்டு வருஷம்…"

அதோடு இணைப்பு அறுந்தது. கடைக்காரப் பெண் நான்கு முறை முயன்றார். பிறகு மின்சாரமும் போயிற்று. அம்மா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அக்காளுக்கு அத்தோ பிசைய வருமா என்று நான் கேட்டேன்.

"இந்த ஊர்ல பொறந்தவளுக்கு அது வராம இருக்குமா?" என்றாள். "எல்லாருக்கும் வரும். அதை வச்சு என்ன கண்டுபிடிக்கிறது?"

கீழே இறங்கும்போது மூன்று இடத்தில் உட்கார்ந்தாள்.

அடுத்த சனிக்கிழமை நான் மட்டும் போய் அதே எண்ணைக் கூப்பிட்டேன். வேறு ஒருவர் எடுத்தார். ரங்கூன், பர்மாக்காரம்மா, அத்தோ வண்டி என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பின்னால் லாரியில் ஏதோ இரும்பு இறக்கும் சத்தம். அவருக்குப் பாதிதான் கேட்டிருக்க வேண்டும்.

"சரி சார்" என்றார் பொறுமையாக. "எத்தனை இஞ்ச் வேணும், அதைச் சொல்லுங்க."